கால் போனால் வேலையும் போக வேண்டுமா?

மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொடுத்திருப்பது என்ன, கொடுக்காமல் விட்டது என்ன?

இரண்டு ஓட்டுநர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்து ஓட்டுகிறார். இன்னொருவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை ஓட்டுகிறார். ஒரே வயது, ஒரே அனுபவம். பணியில் இருக்கும்போது நடந்த விபத்தில் இருவருக்குமே ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. இனி இருவராலும் பேருந்து ஓட்ட முடியாது.

அரசு ஓட்டுநரை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. அவரால் செய்யக்கூடிய வேறொரு வேலையை, அதே ஊதிய விகிதத்தில், அதே பணிப் பயன்களோடு நிர்வாகம் கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரு வேலை அப்போதைக்கு இல்லையென்றால், அவருக்காகவே கூடுதலாக ஒரு பணியிடத்தை உருவாக்க வேண்டும். பொருத்தமான இடம் கிடைக்கும் வரையிலோ, ஓய்வுபெறும் வயது வரையிலோ அதில் அவரை வைத்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4) இடும் கட்டளை இது.

தொழிற்சாலை ஓட்டுநருக்கு? இஎஸ்ஐ-யில் பதிவு இருந்தால் சிகிச்சை கிடைக்கும். சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று மருத்துவக் குழு கணக்கிட்டுச் சொல்ல, அதற்கேற்ப மாதந்தோறும் ஒரு தொகை வரும். வேலைக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. ஏனென்றால், அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது.

விபத்து ஒன்று, காயம் ஒன்று. சட்டம் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிறது, மற்றவரைக் கைவிட்டுவிடுகிறது. இந்தியாவில் மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு நல்ல சட்டம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகத் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடிப் பெற்றது அது. ஆனால், அதன் மிகச் சிறந்த பகுதி, நம்மில் பெரும்பாலோர் வேலை செய்யும் இடங்களுக்குள் இன்னும் நுழையவில்லை.

போராடிப் பெற்ற பிரிவு

மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் விரிவான மத்திய சட்டம் 1995-ல் நிறைவேறி, 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. சக்கர நாற்காலியில் வலம்வந்த ஜாவேத் அபிதி போன்றவர்கள் டெல்லித் தெருக்களில் இறங்கிக் குரல் கொடுத்ததன் விளைவு அது. ஏழு வகைக் குறைபாடுகளை அது அங்கீகரித்தது. அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு கொடுத்தது. எல்லோரும் ஒதுக்கீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, அதே சட்டத்தின் 47-வது பிரிவு சத்தமில்லாமல் ஒரு பெரிய காரியத்தைச் செய்தது: பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை நீக்கக் கூடாது, பதவியிறக்கம் செய்யக் கூடாது என்றது.

அந்தப் பிரிவின் வலு 2003-ல் உலகுக்குத் தெரிந்தது. ஸ்பெஷல் சர்வீஸ் பீரோவில் காவலராக இருந்த குணால் சிங், பணியின்போது காயம்பட்டு இடது காலை இழந்தார். நிரந்தரமாகத் தகுதியிழந்துவிட்டார் என்று மருத்துவக் குழு எழுதிக் கொடுக்க, துறை அவரை வீட்டுக்கு அனுப்பியது. உயர்நீதிமன்றம் கைவிரித்த பிறகு உச்ச நீதிமன்றம் போனார். ஓய்வூதியம் கொடுத்துவிட்டோமே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 47-வது பிரிவு கட்டாயமானது, ஓய்வூதிய விதியைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்து, அவருக்குப் பாதுகாப்பும் இல்லையென்றால், அவரை நம்பியிருக்கும் குடும்பமே சேர்ந்து துன்பப்படும் என்ற எளிய உண்மையைத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பால் அதிகம் பயனடைந்தவர்கள் போக்குவரத்துக் கழக ஊழியர்கள். விபத்தில் கை கால் இழந்தவர்கள், பார்வை மங்கியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்று எத்தனையோ ஓட்டுநர்களும் நடத்துநர்களும் மெட்ராஸ் உயர்நீதிமன்றத்தின் படியேறி மாற்றுப்பணி பெற்றிருக்கிறார்கள். ஆனால், சட்டம் தெளிவாக இருக்கும்போது ஒவ்வொரு தொழிலாளியும் ஏன் தனித்தனியாக வழக்குப் போட்டு அதைப் பெற வேண்டும்? அரசு நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

2006-ல் ஐ.நா. சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007 அக்டோபர் 1 அன்று இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதற்கேற்ப எழுதப்பட்டதுதான் 2016-ன் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஏழு வகைகள் 21 ஆயின. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர், பார்க்கின்சன் நோய், தலசீமியா எனப் பலரும் உள்ளே வந்தார்கள். பழைய 47-வது பிரிவு, புதிய சட்டத்தில் 20(4) ஆனது.

அதே சட்டம், சில நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 18 அன்று துணை ராணுவப் படைகளின் போர்ப்பணியாளர்களுக்கு அந்த விலக்கு அறிவிக்கப்பட்டது. எந்தக் காவலரின் வழக்கில் இந்த உரிமை நிலைநாட்டப்பட்டதோ, அவரைப் போன்ற காவலர்கள் இன்று அதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். நாட்டுக்காகக் காயம்படுவோரை முதலில் விலக்குவது எந்த வகையிலும் நியாயமில்லை.

ஒதுக்கீட்டின் கணக்கு

ஒதுக்கீடு இப்போது 4 சதவீதம். பார்வைக் குறைபாடு, செவிக் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு என மூன்று பிரிவுகளுக்குத் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றவர்களே இதற்குத் தகுதி பெறுவார்கள்.

இந்தக் கணக்கிலும் நெடுங்காலம் ஒரு கைவரிசை நடந்தது. 'மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை' என்று அரசே பட்டியலிட்ட பதவிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதில் 3 சதவீதம் கணக்கிட்டார்கள். பட்டியலே சிறியது, அதில் 3 சதவீதம் என்றால் என்ன மிஞ்சும்? பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2013 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், பணித்தொகுதியின் மொத்தக் காலியிடங்களை வைத்தே ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்றது. அதன் பிறகும் பதவி உயர்வில் ஒதுக்கீடு உண்டா என்ற இழுபறி தொடர்ந்தது. உண்டு என்று 2021 ஜூனில் கேரள அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு பத்தாண்டு என்ற கணக்கில்தான் இந்த உரிமை நகர்ந்திருக்கிறது.

மாற வேண்டியது வேலையிடம்

புதிய சட்டத்தின் உயிர்நாடி ஒதுக்கீட்டில் இல்லை. 'பாகுபாடு' என்பதற்கு அது தந்திருக்கும் விளக்கத்தில் இருக்கிறது. ஒருவரது தேவைக்கேற்ப வேலையிடத்தில் செய்யக்கூடிய நியாயமான மாற்றங்களைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது சட்டம். மாற்றம் நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையாகிவிடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? பார்வையற்ற ஊழியரின் கணினியில் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள். காது கேளாத தொழிலாளிக்கு, அபாயச் சங்கோடு சேர்த்து மின்னும் விளக்கு. பயிற்சி வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இடமாற்றம், உள்ளே நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு. ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும் தலசீமியா நோயாளிக்கு அந்த நாளில் விடுப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவே கிடையாது, யோசனைதான் வேண்டும்.

இந்தக் கொள்கைக்கு உயிர் கொடுத்தது 2021 பிப்ரவரி 11 அன்று வந்த விகாஷ் குமார் வழக்கின் தீர்ப்பு. கை நரம்புக் கோளாறால் எழுத முடியாத அவர், குடிமைப் பணித் தேர்வில் எழுத்தர் உதவி கேட்டார். 40 சதவீத வரம்புக்குள் வரவில்லை என்று யு.பி.எஸ்.சி. மறுத்தது. அந்த வரம்பு ஒதுக்கீட்டுக்கானது. தேவையான வசதி கேட்கும் உரிமையோ குறைபாடுள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு.

அடுத்து, நமது மின்வாரியம். உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஓர் இளைஞருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்தது. பணி மறுக்கப்பட்டது. மின்கம்பிகளுக்கு நிறம்தான் அடையாளம் என்ற வாரியத்தின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால், உதவிப் பொறியாளர் என்றால் எல்லோரும் கம்பத்தடியில் நிற்பவர்கள் இல்லையே? திட்டமிடல், கணக்கு, மேற்பார்வை என்று எத்தனையோ பிரிவுகள் இருக்கின்றன. தனி நீதிபதி இளைஞருக்குச் சாதகமாகவும், இரு நீதிபதிகள் அமர்வு எதிராகவும் தீர்ப்பளிக்க, வழக்கு டெல்லிக்குப் போனது. நிறக்குருடு 21 வகைகளில் இல்லாவிட்டாலும், அவரை உதவிப் பொறியாளராகவே நியமிக்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகத் தகுதியுள்ளவரை வெளியே தள்ளக் கூடாது என்பது இதன் சாரம்.

தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கின் கதை வேதனையில் தொடங்கி வெற்றியில் முடிகிறது. உரிமையியல் நீதிபதி பணிக்கு, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்று இங்கே வரம்பு வைத்திருந்தார்கள். 70 சதவீதக் குறைபாடுள்ள ஒருவர் எதிர்த்து வழக்காட, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரம்பு சரியே என்றுவிட்டது. இரண்டே ஆண்டுகளில், விகாஷ் குமார் வழக்கில், அந்தத் தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, பார்வைக் குறைபாட்டைக் காரணம் காட்டி யாரையும் நீதிபதிப் பணியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று கூறி, மத்தியப் பிரதேசத்தின் தடை விதியை ரத்து செய்தது. கண் தெரியாதவர் எப்படி நீதி வழங்குவார் என்ற கேள்வி ஆறே ஆண்டுகளில் தலைகீழானது. அவர் நீதி வழங்க நீதிமன்றம் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே இப்போது கேள்வி.

வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் இது பொருந்தும். மனநோயால் அவதிப்பட்ட சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் மீது எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. நடத்தைக்கு நோயே ஒரு காரணமாக இருக்கும்போது, மற்றவர்களை நிறுத்தும் அதே கூண்டில் அவரையும் நிறுத்துவது மறைமுகப் பாகுபாடு என்றது. மனநோயைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்ல அஞ்சி மாத்திரையை ஒளித்துவைத்து வேலைக்கு வரும் ஆயிரமாயிரம் பேருக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்தாக வேண்டும்.

கம்பெனி வாசலில்...

இவ்வளவும் அரசு சார்ந்த வழக்குகள். தனியார் துறையில் நிலைமை என்ன?

ஒதுக்கீடு கிடையாது. ஊழியர்களில் 5 சதவீதத்தினராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி தனியார் முதலாளிகளுக்கு அரசு ஊக்கச் சலுகைகள் தர வேண்டும் என்று மட்டும் பிரிவு 35 சொல்கிறது, அதுவும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. பாகுபாடு கூடாது என்ற பொதுக்கொள்கை உண்டு. பிரிவு 21-ன்படி ஒவ்வொரு நிறுவனமும் 'சமவாய்ப்புக் கொள்கை' ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, பயிற்சி, பதவி உயர்வு, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், யார் தொடர்பு அலுவலர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் அப்படியொரு கொள்கை ஒட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. 2020-ல் இந்தத் தண்டனைப் பிரிவுகளை நீர்த்துப்போகச் செய்ய மத்திய அரசு முன்வைத்த யோசனையை, மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஒன்றுதிரண்டு எதிர்த்துக் கைவிடவைத்தன. பல் இருக்கிறது, கடிக்கத்தான் ஆளில்லை.

தொழிலாளர் சட்டங்கள் கைகொடுக்குமா என்றால், அங்கேயும் ஓட்டை. ஒருவரை 'தொடர்ந்த உடல்நலக் குறைவு' என்று சொல்லி நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று பழைய தொழில் தகராறுகள் சட்டம் விலக்கு வைத்திருந்தது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அமலில் இருக்கிறது. விபத்து இழப்பீட்டுக்கான அட்டவணை, கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஒரு கண் போனால் 40 சதவீதம் என்று சம்பாதிக்கும் திறனின் இழப்பை உறுப்பு உறுப்பாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் 70 சதவீதத் திறனுக்கு அதே கூரையின் கீழ் வேலை கொடு என்று சொல்லத்தான் ஒரு வரிகூட இல்லை. பிரஸ் இயந்திரத்தில் விரல்களை இழந்த தொழிலாளி இழப்பீட்டை வாங்கிக்கொண்டு, எந்தத் தொழில் தெரியுமோ அந்தத் தொழிலைவிட்டே போக வேண்டியிருக்கிறது.

அரசுத் துறையிலும் நிரந்தரப் பணிகள் சுருங்கி, ஒப்பந்தக்காரர் மூலம் ஆள் எடுப்பது பெருகப் பெருக, ஒதுக்கீடும் பணிப் பாதுகாப்பும் சேர்ந்தே கரைகின்றன.

விளைவு எண்களில் தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம். நாடு முழுவதும் ஆண்களில் 47 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். பெண்களில் 23 சதவீதம் பேர்தான். 2018-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில் இருந்தவர்களும் வேலை தேடியவர்களும் சேர்ந்தே 23.8 சதவீதம். மற்றவர்கள் வேலையிலும் இல்லை, வேலை தேடவும் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

உரிமை இருப்பது தெரிந்தால்தான் கேட்க முடியும். பாதிக்கப்பட்டவரும் குடும்பத்தினரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியவை இவை:

ராஜினாமா கடிதமோ விருப்ப ஓய்வுக் கடிதமோ அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது நீட்டப்படும் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். தானாகவே விலகினார் என்று பதிவாகிவிட்டால், பிறகு வாதாடுவது கடினம்.

யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 40 சதவீதத்துக்குக் குறைவு என்று சான்று வந்தாலும் மனம் தளர வேண்டாம். ஒதுக்கீடுதான் கிடைக்காது, தேவையான வசதியைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

என்ன மாற்றம் வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள். "என்னால் முடியவில்லை" என்று எழுதாமல், "இந்த வசதி இருந்தால் இந்த வேலையைச் செய்வேன்" என்று எழுதுங்கள். பிரிவு 21-ன்படியான சமவாய்ப்புக் கொள்கையின் நகலையும் கேளுங்கள்.

அரசு நிறுவனமென்றால் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவுசெய்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் போகலாம். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், மூன்று மாதத்துக்குள் நிர்வாகம் அதை நிறைவேற்ற வேண்டும், அல்லது ஏன் ஏற்கவில்லை என்று காரணம் சொல்ல வேண்டும்.

வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.

தமிழ்நாடு வழிகாட்டட்டும்

தனியார் வேலையிடத்துக்குள் மாநில அரசு என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கலாம். இதே மாநிலம் 2021-ல் செய்து காட்டியிருக்கிறது. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்த ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. முதலாளியின் கடைக்குள் நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தது ஒரு மாநிலச் சட்டம்தான். நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக்கூலி என்று அரசாணை போட்டதும் இதே மாநிலம்தான். வேலைக்கேற்ற ஆளைத் தேடாமல் ஆளுக்கேற்றபடி வேலையை அமைக்க முடியும் என்று ஏழைகளின் வேலைத்தளத்திலேயே அது நிரூபித்தது.

அடுத்த அடி இதுவாக இருக்கட்டும். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மாநிலம் சட்டம் இயற்றலாம். மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் எந்தத் தனியார் நிறுவனத்திலும், பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை மாற்றுப்பணி கொடுக்காமல் நீக்கக் கூடாது என்று ஒரு பிரிவு வேண்டும். சிறு பட்டறைகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியாதென்றால், ஊதியத்தில் ஒரு பங்கை முதல் சில ஆண்டுகளுக்கு அரசு ஏற்கட்டும். புதிதாக மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும் முதலாளியின் இஎஸ்ஐ, பி.எஃப். பங்கை அரசே கட்டும் திட்டத்தை மத்திய அரசு 2008-ல் கொண்டுவந்தது. இருப்பவரைத் தக்கவைக்கும் முதலாளிக்கும் அந்த உதவி கிடைக்கட்டும். தொழிற்சாலைக்கு வரும் ஆய்வாளர், வருகைப் பதிவேட்டோடு சமவாய்ப்புக் கொள்கையையும் கேட்டுப் பார்க்கட்டும். ஆணையரின் பரிந்துரை, நிறைவேற்றியே ஆக வேண்டிய உத்தரவாகட்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. ஊதிய ஒப்பந்தத்தில் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் வாதாடும் சங்கம், "பணியில் குறைபாடு ஏற்பட்டவருக்கு மாற்றுப்பணி" என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி வாதாட வேண்டும். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவருக்கு உச்ச நீதிமன்றத்தில் வேலையை மீட்டுக் கொடுத்தது, 1979-ல் அவரது முன்னோடிகள் போட்டுவைத்த அப்படியொரு ஒப்பந்தம்தான். நிறக்குருடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர். நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு பேச்சுவார்த்தை மேசையில் எழுதப்பட்ட ஒரு ஷரத்து, முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கு உட்காரப்போகும் ஒவ்வொரு சங்கமும் அந்த ஷரத்தை இன்றே எழுதி வைக்கலாம்.